முசிறி மாமாவுக்கு முகம் வராத கதை

எனக்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. பிறவியிலேயே வந்த குறை. ஊறுகாய் ஜாடி, பற்பசை, பீரோ, ஃபிரிட்ஜ், பேனா என்று நான் எதைத் தொட்டாலும் அது அன்று முழுவதும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும். கல்யாணம் ஆகி ஸ்ரீரங்கம் வந்த முதல் வாரத்திலேயே என் மாமியார் இதைக் கண்டுபிடித்துவிட்டார். நான் சமையலறையை விட்டு வெளியே வந்ததும் அவர் உள்ளே போவார். டப், டப், டப் என்று வரிசையாக மூடிகளை மூடுகிற சத்தம் கேட்கும். (எண்ணியிருக்கிறேன். நான் போடும் ஒரு காபிக்கு சராசரியாக ஐந்து டப்.)

இந்தக் குறை சமையலறையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் நான் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிப் பிழைப்பவள். அங்கேயும் திறந்ததை மூடாமல் விட்டேன். அதனால் என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தில், மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னிலையில், உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். சென்னைக் கம்பெனி வேலையை அம்மா மண்டபம் சாலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே பார்த்துவந்தேன். கீழே யாராவது வந்து மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் மாமியார், "வீட்டுலதான் இருக்கா. மாடியில கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு இருக்கா" என்பார். சீரியல் பார்ப்பதைச் சொல்லும் அதே குரலில். பொய் இல்லை என்பதால் மறுக்கவும் முடியாது. கேஸ் சிலிண்டர் வரும் நேரத்தில் நான் எந்த நாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாலும், "அபி, சிலிண்டர் வந்திருக்கு, கொஞ்சம் இறங்கி வாம்மா" என்று குரல் வரும். அந்த வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் சிலிண்டர் என்றால் என்ன என்று இன்று தெரியும்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போக வேண்டாம், ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம் பிடித்துச் சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்துவிடலாம் என்று முடிவானது. மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்துக் குடும்பப் போட்டோக்களைக் காட்ட வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. என் கணவர் செந்தில் என்னிடம் சொன்னார்.

"எல்லா போட்டோவையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு ஸ்லைடு ஷோ ஓட்டிரு அபி. ரெண்டு நிமிஷ வேலை."

இந்த 'ரெண்டு நிமிஷ வேலை'தான் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் மாடியில் என்ன செய்கிறேன் என்பதை இந்தக் குடும்பத்துக்கு ஒரே நாளில் காட்டிவிட இதைவிட்டால் வேறு வாய்ப்பு ஏது?

"ஸ்லைடு ஷோவா? நான் இதுக்குன்னே ஒரு ஆப் எழுதறேன்" என்றேன்.

செந்திலும் கம்ப்யூட்டர் படித்தவர்தான். ஆனால் புதுக் கணவர். தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்கவில்லை.

ஆப்புக்கு 'உறவுத்திரை' என்று பெயர் வைத்தேன். (பின்னாளில் தமிழ்நாட்டு மண்டபங்கள் அத்தனைக்கும் இதை விற்கப் போகிறேன் என்ற எண்ணமும் இருந்தது. சிரிக்காதீர்கள்.) ஒவ்வொரு போட்டோவும் ஐந்து விநாடி நிற்கும். சுற்றிலும் மல்லிகைச் சரம் அசையும். கீழே எந்தக் குடும்பம் என்று கொட்டை எழுத்தில் பெயர் வரும். எல்லாவற்றையும் விட முக்கியம், போட்டோக்கள் முறைப்படி வரும். முறை என்றால் அகர வரிசை இல்லை. சொந்தத்தில் யார் முதலில், யார் பிறகு என்கிற முறை. இதற்காக மாமனாரை மூன்று நாள் உட்கார வைத்துக் குறிப்பு எடுத்தேன். முதலில் அவருடைய அப்பா அம்மா. அடுத்து மூத்த அக்கா, அதாவது உறையூர் அத்தை. பிறகு தம்பிகள், வயது வாரியாக. கடைசித் தம்பி வீட்டோடு மாமனார் பக்கம் முடியும். அதற்கப்புறம்தான் மாமியாரின் பிறந்த வீடு. "இப்படித்தான் எழுதியிருக்கா?" என்று மாமனார் ஒருநாளைக்கு நாலு தடவை வந்து சரிபார்த்தார்.

இனி கொஞ்சம் தொழில் விஷயம். பயப்பட வேண்டாம், ஹாஸ்டல் கதைதான்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஆப்பை ஏற்றினால் அது கேட்பாரில்லாமல் எல்லா இடத்திலும் புகுந்து வரும். இப்போது அப்படி விடுவதில்லை. நிறைய ஆப்களை ஒரு மணல் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, "இதுக்குள்ளேயே விளையாடு, வெளியில காலை வைக்காதே" என்று சொல்லிவிடுகிறது கம்ப்யூட்டர். எங்கள் தொழிலில் சாண்ட்பாக்ஸ் என்போம். வெளியே இருக்கும் ஒரு போட்டோவைத் தொட வேண்டுமானால் ஆப் அனுமதி வாங்க வேண்டும். பார்த்து முடித்ததும் போட்டோவை மூடி, அனுமதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நான் படித்த காலத்து லேடீஸ் ஹாஸ்டலிலும் இதே ஏற்பாடுதான். வெளியே போக வார்டனிடம் ஒரு பித்தளை டோக்கன் வாங்க வேண்டும், திரும்பி வந்ததும் அதை ஆணியில் மாட்ட வேண்டும். ஹாஸ்டலில் மொத்தம் ஐம்பது டோக்கன்தான் இருந்தது. தீர்ந்துபோனால் வார்டன் கத்தமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். "இல்லை" என்பார், அவ்வளவுதான். (அந்த ஐம்பதில் மூன்று இன்னும் என் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இதை வார்டன் படித்தால் மன்னிக்க வேண்டும்.)

உறவுத்திரை ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு டோக்கன் வாங்கியது. திருப்பித் தரச் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. இது இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் நாற்பது போட்டோ போட்டு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. நாற்பது போட்டோவுக்கு எப்பேர்ப்பட்ட நிரலும் வெண்ணெய் மாதிரிதான் ஓடும் என்பது அன்று என் அறிவுக்கு எட்டவில்லை. அதுவும் போதாமல் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஒருவேளை ஏதாவது ஒரு போட்டோ திறக்காமல் போனால் திரை வெறுமையாக நிற்கக் கூடாதே என்று ஒரு மாற்றுப் படம் வரைந்து வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, இரண்டு தோள். முகம் கிடையாது. சுற்றி வழக்கம்போல மல்லிகைச் சரம். கீழே பெயர்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இந்தப் படத்தைப் பார்த்தவுடன் என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்கு, "டிசைன் நீட்டாக இருக்கிறது" என்று தோன்றியது.

விழாவுக்கு முந்தின வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ கேட்டேன். அணை திறந்துவிட்டது போல வந்து கொட்டியது. உறையூர் அத்தை மட்டும் எழுபத்தொன்று அனுப்பினார். அதில் பாதி ஊட்டி போய்வந்த போட்டோ. அதிலும் பாதியில் மேகம்தான் இருந்தது. கடைசிச் சித்தப்பா தன் நாய் டைகரைப் பல கோணங்களில் அனுப்பினார். மாமியாரின் பிறந்த வீட்டுப் பக்கம் இருந்தும் வந்தன. மொத்தம் முந்நூற்றுப் பதினாறு.

விழாவுக்கு முதல் நாள் மதியம் மாமியார் மாடிக்கு வந்தார். எட்டு மாதத்தில் என் அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வந்ததும் என் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடினார். பிறகு புடவைத் தலைப்பில் மடித்து வைத்திருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். முக்கொம்பில் எடுத்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அரைக்கால் டிரவுசரில் ஒருவர், பின் கேரியரில் ரெட்டை ஜடையோடு என் மாமியார்.

"எங்க அண்ணன். இதையும் சேத்துக்கம்மா" என்றார்.

அண்ணன் என்றால் முசிறி மாமா. வாழைத்தோப்பு வைத்திருப்பவர். அவரை நான் பார்த்ததே இல்லை, என் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. ஏன் என்று மாமியார் அன்றுதான் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் செந்திலின் அக்கா கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று எல்லாவற்றையும் செய்தவர் முசிறி மாமா. ஆல்பத்துக்குப் போட்டோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் உறையூர் அத்தை. ஆல்பம் வந்தபோது மாமா முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்திருக்கிறார். அத்தனை போட்டோவிலும் சேர்த்து அவருடையது என்று இருந்தது ஒரே ஒரு முழங்கை. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்த முழங்கை. "முழங்கையை மட்டுந்தான் கூப்பிட்டிருந்தீங்கன்னு தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"இப்ப நான் நேர்ல போயி கூப்பிட்டேன். வரேன்னுட்டாரு" என்றார் மாமியார். "நாளைக்கு அவரு குடுக்கற புடவையைக் கட்டிக்கிட்டுத்தான் நான் மணையில உக்காரணும். வேற ஒண்ணும் வேணாம் அபி. அவரு முகம் திரையில நல்லாத் தெரியணும். அது போதும்."

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். "அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்தப் போட்டோவை போனில் நகல் எடுத்து, முந்நூற்றுப் பதினேழாவதாக, வரிசையில் கடைசியாகச் சேர்த்தேன்.

மறுநாள் காலை. பத்தரை மணிக்கு முகூர்த்தம். எட்டே முக்காலுக்கு உறவுத்திரையை ஓடவிட்டேன். மாமனாரின் அப்பா அம்மா ஓர் ஆள் உயரத்துக்குத் திரையில் தோன்றியதும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து உறையூர் அத்தை வந்தார், வந்துகொண்டே இருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து தன் ஊட்டியைத் தானே ரசித்தார். "மருமக ஏதோ பெருசா பண்ணியிருக்கா போல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் லேப்டாப் பக்கத்தில் பட்டுப்புடவையில், ராக்கெட் விட்டவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

முசிறி மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. பின்னால் இரண்டு பேர் வாழைத்தாரோடு வந்தார்கள். மாமியார் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா மூன்றாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்தார். புடவைத் தாம்பாளம் மடியில் இருந்தது. கூப்பிட்டபின்தான் மேடைக்குக் கொண்டுபோவார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

ஆப்பை ஓடவிட்டு இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசிச் சித்தப்பாவின் குடும்பம் முடிந்து டைகர் வந்தது. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய, மல்லிகைச் சரத்துக்கு நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. மண்டபம் சிரித்தது.

அடுத்த படம். சாம்பல் நிறத் தலை, இரண்டு தோள். முகம் இல்லை. சுற்றி மல்லிகைச் சரம். கீழே கொட்டை எழுத்தில், 'முசிறி ராமலிங்கம் குடும்பத்தார்.'

சிரிப்பு பாதியில் நின்றது. ஐந்து விநாடி கழித்து அடுத்த படம் வந்தது. அதுவும் சாம்பல்தான், அதற்கடுத்ததும் அதேதான். பின் வரிசையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அடடா, எப்ப தவறினாரு? சொல்லவே இல்லையே" என்று கேட்டார். மாமாவின் மனைவி சட்டென்று தன் தாலிச் சரடைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாமா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரைக்காரரிடம் ஓடினேன். "கேபிள் லூஸா இருக்கா பாருங்க."

"கேபிளெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். நாய் நல்லாத் தெரிஞ்சுதே" என்றார் அவர்.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். அணைத்துப் போடு. நான்கு வருடப் பொறியியல் படிப்பின் சாரம் அதுதான். ஆப்பை மூடினேன், திறந்தேன். மாமனாரின் அப்பா அம்மா பளிச்சென்று வந்தார்கள். அப்பாடா, சரியாகிவிட்டது! (சரியாகவில்லை. ஆப்பை மூடினால் அது வாங்கிவைத்த டோக்கன் அத்தனையையும் கம்ப்யூட்டர் தானே பிடுங்கிக்கொள்ளும். அதனால் மறுபடி முதலில் இருந்து ஒழுங்காக ஓடும், அதே இடம் வரை. இது என் மூளையில் உதித்தது மதியம் பாயசத்துக்குப் பிறகு.)

அத்தோடு நின்றிருக்கலாம். நின்றேனா? நேரே மூன்றாவது வரிசைக்குப் போனேன்.

"மாமா, நான்தான் அபி, செந்தில் வீட்டுக்காரி. மன்னிச்சுக்கங்க மாமா, சின்ன கோளாறு. இப்ப சரி பண்ணிட்டேன். உங்க போட்டோ வரும் பாருங்க."

"எத்தனாவதும்மா வரும்?"

"அது... முறைப்படி வருது மாமா. ஒரு இருபது நிமிஷம் ஆகும்."

மாமா திரையைப் பார்த்தார். உறையூர் அத்தை ஊட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. பதினோரு வருஷம் இருந்தாச்சு, இருபது நிமிஷம் இருக்கமாட்டனா" என்றார்.

அந்த மனிதரைத் தாம்பாளத்தோடு உட்கார வைத்து, மொத்த ஊட்டியையும் இரண்டாவது தடவை பார்க்க வைத்தேன். மேகம் மேகமாகப் பார்த்தார். தம்பிகளைப் பார்த்தார். தம்பி மக்களின் பள்ளி ஆண்டுவிழாக்களைப் பார்த்தார். நான் லேப்டாப் பக்கம் நின்று அவரைப் பார்த்து நடுநடுவே தைரியமாகத் தலையாட்டினேன். டைகர் வந்தது. 'அடுத்தது நீங்கதான் மாமா' என்று கையைக் காட்டினேன்.

சாம்பல் தலை. முசிறி ராமலிங்கம் குடும்பத்தார்.

முதல் தடவை என்றால் கோளாறு. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் என்றால் யாருமே அதைக் கோளாறு என்று சொல்லமாட்டார்கள். அதுவும் மருமகள் நேரில் போய்ச் சொல்லி, கையையும் காட்டியபிறகு. மாமா எழுந்தார், தாம்பாளத்தோடு. மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே..."

"உங்க வீட்டுல நாய்க்குக்கூட முகம் இருக்கு சரோஜா. எனக்குத்தான் இல்ல" என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை. "போறேன்."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றார். எங்கள் பக்கத்தில் அந்த வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாமியாரின் முகம் ஒரு கணத்தில் வாடிப்போனது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே, அஞ்சே நிமிஷம்" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அத்தை, என்ன தப்புன்னே தெரியல. டைகர் வரைக்கும் வருது, அதுக்கப்புறம் எதுவும் வரமாட்டேங்குது."

மாமியார் லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முதல்ல வர்றவங்களுக்கு மட்டும் ஒழுங்கா வருதா?"

"ஆமா அத்தை."

"அப்ப அவரை முதல்ல போடு."

"அத்தை, முறை..."

"முறை கிடக்கு. முப்பத்திமூணு வருஷமா எங்க வீட்டு ஆளுங்க ரெண்டாவதாத்தான் வந்துக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை முதல்ல வரட்டும்."

அத்தனை நாள் மூடி மூடி வைத்தவர் அன்று ஒன்றைத் திறந்துவிட்டார் என்று பட்டது. மாமனார் மூன்று நாள் உட்கார்ந்து சொன்ன முறையை நான் மூன்று விநாடியில் தலைகீழாக்கினேன். வரிசை மேலிருந்து கீழ் என்று இருந்ததைக் கீழிருந்து மேல் என்று மாற்றினேன். ஆப்பை மறுபடி ஓடவிட்டேன். கடைசியாகச் சேர்த்த போட்டோ முதலில் வந்தது.

முக்கொம்பு. மேடைப் பக்கம் சுவர் உயரத்துக்கு ஒரு சைக்கிள். அரைக்கால் டிரவுசரில் முசிறி மாமா, ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றி, பல் தெரியச் சிரித்தபடி. பின்னால் ரெட்டை ஜடை.

வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்த மாமா நின்றார். மண்டபத்தில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து விநாடிதான் நிற்க வேண்டிய போட்டோ அது. நான் இடைநிறுத்தும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். (அந்த ஆப்பில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பட்டன்.) மாமா அதை ரொம்ப நேரம் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"பரவால்ல சரோஜா. இந்தத் தடவை முழங்கையோட முகமும் வந்துருக்கு."

மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பத்து மணிக்குள் மாமாவின் தாம்பாளத்தில் இருந்த அரக்குப் பட்டு மேடைக்குப் போய், மாமியார் அதைக் கட்டிக்கொண்டு வந்தார். கதையை இங்கே முடித்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் உறவுத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். நான் போடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் என் ஆப்புக்கு ஒரு நேரத்தில் தருவது இருநூற்று ஐம்பத்தாறு டோக்கன். பதினாறை ஆப்பே சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளும். மீதி இருநூற்று நாற்பது. முந்நூற்றுப் பதினேழில் இருநூற்று நாற்பது போனால் எழுபத்தேழு. இந்தத் தடவை அந்த எழுபத்தேழு வரிசையின் மறுமுனையில் இருந்தது. முறையில் முதலில் இருந்த மாமனாரின் அப்பா அம்மாவுக்கு ஆறு. மீதி எழுபத்தொன்று யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

உறையூர் அத்தை முன் வரிசையில் உட்கார்ந்து, எழுபத்தொரு தடவை, ஒவ்வொன்றும் ஐந்து விநாடி வீதம், மல்லிகைச் சரத்துக்குள் தன் பெயருக்கு மேல் முகமில்லாமல் இருந்த தன்னைப் பார்த்தார். நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் அப்போது மாமியாருக்குப் புடவைக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தேன். செந்தில் முசிறி மாமாவுக்குக் காபி வாங்கப் போயிருந்தார். திரைக்காரர் இதுவும் என் டிசைன் என்றே நினைத்துவிட்டார்.

தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவர் உறையூர் அத்தைதான். வந்தார். முடிச்சைப் போட்டார். அவர் இழுத்துக் கட்டிய வேகத்தில் மாமியாருக்கு இருமலே வந்துவிட்டது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. திருப்பித் தரும் அந்த வரியை அன்று மதியமே எழுதிவிட்டேன். ஒரே ஒரு வரி, காபி டம்ளரைக் கழுவி வைக்கிற அளவு வேலை. உறவுத்திரை இப்போது எத்தனை ஆயிரம் போட்டோவுக்கும் ஓடும். ஓட்டச் சொல்லித்தான் ஆள் இல்லை. உறையூர் அத்தை அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பதினோரு வருடக் கணக்கு முசிறியில் முடிந்து உறையூரில் ஆரம்பித்திருக்கிறது என்று மாமனார் பெருமூச்சு விடுகிறார். மாமியார் பெருமூச்சு விட்டதாகத் தெரியவில்லை. யாராவது வந்து மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் இப்போது, "மாடியில இருக்கா. எதையாவது திறந்துக்கிட்டு இருப்பா" என்கிறார்.

முசிறி மாமாவின் வாட்ஸ்அப்பில் இன்று வரை இருக்கும் படம் அந்தச் சாம்பல் தலைதான், மல்லிகைச் சரத்தோடு. என்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். புதிதாக நம்பர் வாங்கியவர்கள் பயந்துபோய் அழைத்தால், "உயிரோடதான் இருக்கேன். எங்க மருமக எடுத்த போட்டோ அது" என்கிறார்.

மாதம் இரண்டு தடவை திருச்சி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் கொண்டுவரும்போது வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிடுவார், தங்கையோடு சத்தமாகச் சண்டை போடுவார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "கதவை மூடிக்கம்மா" என்று என்னிடம் சொல்வார். நான் எழுந்திருப்பதற்குள், "வேணாம், வேணாம். உன்னை நம்பினா ஆகாது. நானே மூடிக்கறேன்" என்று இழுத்து மூடுவார்.

டப்.

அதற்கப்புறம் வெளியே இருந்து குரல் வரும். "சரோஜா, போயிட்டு வரேன்!"